திருப்புளியை எடுக்கும் முன்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறேன்.)



"பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன் வரிசையிலேயே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கடந்த காலத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கார்புரேட்டர் வைத்த பழைய கார். அதில் ஐடிலிங் நிற்காமல் போவது, ரேஸ் தானாக ஏறுவது, ஏறினது இறங்காமல் தொங்குவது. இவ்வளவுதான் விஷயம்.

"அதையெல்லாம் இன்னும் யார் சார் ஓட்டுறா?" என்று பின் வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. சிறு ஊர்களில் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள் தம்பி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புது வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் அது ஒரு நம்பரைக் காட்டும். அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு நாம் ஒரு சென்சாரை மாற்றுவோம். பழைய வண்டியில் ஸ்கேனரை மாட்ட இடமே கிடையாது. நம் மூளையைத்தான் மாட்ட வேண்டும். தெர்மல் எஞ்சினியரிங் படித்தது உண்மையிலேயே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. நான் 2011இல் இங்கிருந்து வெளியே போனவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வாரநாளில் சம்பளத்துக்கு டெஸ்டிங், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வண்டிக்கு டெஸ்டிங்.

முதலில் கொஞ்சம் பாடம். பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐடிலிங் என்றால் என்ன? ஆக்சிலேட்டரில் கால் இல்லை. திராட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. ஆனால் பிஸ்டன்கள் கீழே இறங்கும்போதெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. வாசல் மூடியிருக்க, உள்ளே இருப்பவன் இழுத்தால் என்ன ஆகும்? மேனிபோல்டில் வேக்கும் உண்டாகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலப் பாதரசம். ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலிங்கில் 17லிருந்து 21 அங்குலம் வரை வேக்கும் இழுக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் சாப்பிடும் காற்று மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சக் காற்றுக்கு அளந்துதான் கார்புரேட்டரின் ஐடில் ஜெட் பெட்ரோல் விடுகிறது.

இப்போது எங்கேயோ ஒரு ரப்பர் ஹோஸில் வெடிப்பு, அல்லது கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பேக்கிங் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் அது பெரிய தொகை. கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். அதே ஓட்டை, 3000 சுற்றில் திராட்டில் நன்றாகத் திறந்திருக்கும்போது, கண்டுகொள்ளாத அளவுக்குச் சின்ன விஷயம். பத்தாயிரம் சம்பளக்காரனுக்கு ஆயிரம் ரூபாய் காணாமல் போவதற்கும் லட்சம் சம்பளக்காரனுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆகவே ஒருவர் வந்து, "ஓடும்போது அருமையா இருக்குங்க, நின்னாதான் ஆஃப் ஆகுது" என்றால், காற்றுக் கசிவையும் ஐடில் ஜெட் அடைப்பையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். "நின்னா நல்லா இருக்கு, இழுக்க மாட்டேங்குது" என்றால் கதையே வேறு. பெட்ரோல் ஃபில்டர், பம்ப், டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ், அடைத்துக்கொண்ட சைலன்சர் என்று தேடல் திரும்பிவிடும். ஒரே ஒரு கேள்வியில் பாதி வண்டியை ஒதுக்கி வைத்துவிடலாம். இவ்வளவு சுலபமான கேள்வியை ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு வண்டியின் கதையைச் சொன்னால் விளங்கும்.

என் தாய்மாமா வத்தலக்குண்டில் இருக்கிறார். 1997ஆம் வருட மாருதி ஜென் வைத்திருக்கிறார். 993 சி.சி., நாலு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. கொடைக்கானல் மலைப்பாதையில் அவருக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டு மாலையில் இறங்குவார். ஒருநாள் போனில், "மாப்ள, வண்டி ஐடிலிங் நிக்க மாட்டேங்குதுடா, மூணு பட்டறை பாத்தாச்சு" என்றார்.

மூன்று பட்டறையில் என்ன செய்தார்கள்? முதல் இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது இடத்தில் பிளக், வயர், காயில் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் செகண்ட் ஹேண்ட் கார்புரேட்டர் ஒன்றையே தூக்கி வைத்துவிட்டு, அதற்கும் சரியாகாமல், ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ரேஸைத் தூக்கிவிட்டு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தபோது வண்டி நின்ற இடத்தில் 1400 சுற்றில் கத்திக்கொண்டிருந்தது. அந்த மாதிரிச் சிறு கார்கள் 800, 900 சுற்றில் அமைதியாக நிற்க வேண்டியவை. செலவு அதுவரை பதினாலாயிரம்.

நான் பானட்டைத் திறக்கவில்லை. "மாமா, எப்ப ஆஃப் ஆகுது?" என்றேன். "எப்பவுமேதான்" என்றார். "காலையில ஸ்டார்ட் பண்ணி வாசல்ல நிக்கும்போது ஆகுதா?" "இல்ல, அப்ப நல்லாத்தான் இருக்கு." "சிக்னல்ல நிக்கும்போது?" "ஆமா, அங்க கண்டிப்பா." வாசலில் நிற்பதற்கும் சிக்னலில் நிற்பதற்கும் எஞ்சினைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்? நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே இருந்து, "பிரேக்க மிதிச்சா நிக்குதுப்பா. இறக்கத்துல வளைவுல பிரேக் கல்லு மாதிரி ஆயிடுதுன்னு இவரே சொன்னாரே, உன்கிட்ட சொல்லலையா?" என்றார். அத்தை பத்தாவதுதான் படித்தவர். அன்றைக்கு அங்கே இருந்த எஞ்சினியர் அவர்தான்.

பிரேக் பூஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு பெரிய தகர டப்பா, நடுவில் ரப்பர் டயாப்ரம். பெடலை மிதிக்காதபோது இரண்டு பக்கமும் வேக்கும். அந்த வேக்கும் எங்கிருந்து வருகிறது? அதே மேனிபோல்டிலிருந்து, ஒரு தடித்த ஹோஸ் வழியாக. பெடலை மிதித்தால் நம் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று வருகிறது. அழுத்த வித்தியாசம் டயாப்ரத்தைத் தள்ளுகிறது, நம் கால் பலம் பல மடங்காகிறது. டயாப்ரம் கிழிந்திருந்தால்? மிதிக்காதபோது இரண்டு பக்கமும் வேக்கும்தான், எந்தக் குறையும் தெரியாது. மிதித்த நொடியில் வெளிக்காற்று கிழிசல் வழியாக நேரே மேனிபோல்டுக்குப் போய்விடும். கலவை மெலிந்து எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் பூஸ்டருக்கு வேக்கும் கிடையாது. நல்ல பூஸ்டராக இருந்தால் எஞ்சின் நின்ற பிறகும் ஓரிரண்டு மிதிக்குச் சேமிப்பு இருக்கும். கிழிந்த பூஸ்டரில் அதுவும் இருக்காது.

வேக்கும் கேஜை மாட்டினோம். கால் வைக்காதபோது 18 அங்குலம், முள் ஆடாமல் நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். 11க்கு இறங்கி, எஞ்சின் உதறத் தொடங்கியது. காலை எடுத்தார், மறுபடி 18. ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி நின்ற நிலையிலேயே, பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிப் பிளையரால் நெருக்கிப் பிடித்து மிதிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை. முடிந்தது விசாரணை. மதுரையில் பூஸ்டர் வாங்கி மாற்றினோம். ஐடிலைத் திரும்ப 850க்குக் கொண்டுவந்தோம்.

இதில் என்னை உறுத்துவது பதினாலாயிரம் ரூபாய் இல்லை. அது பிரேக்கில் வந்த கோளாறு. அதை ஐடிலிங் கோளாறு என்று பேர் வைத்து, ரேஸைத் தூக்கி மறைத்துவிட்டார்கள். ரேஸ் தூக்கியதால் எஞ்சின் நிற்பது குறைந்தது, அதனால் "கொஞ்சம் பரவாயில்லை" என்று மாமாவும் மலை ஏறிக்கொண்டிருந்தார். 1400 சுற்றில் கத்தும் எஞ்சின் இறக்கத்தில் வண்டியை முன்னால் தள்ளும், பிரேக்கில் பாதி உதவி கிடையாது, பக்கத்தில் அத்தை. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கிவிட்டு ஜுரம் இறங்கிவிட்டது என்கிற வைத்தியம் அது. பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மாமா போய்ச் சொன்னது "ஐடிலிங் பிராப்ளம்" என்றுதான். நோயின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தால், அவர்கள் அந்தப் பேருக்கு உள்ள மருந்தைக் கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டு வண்டியில் இதை இன்றைக்கே சோதிக்கலாம், ஒரு கருவியும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பிரேக்கை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையோ ஹோஸையோ உடனே பார்க்க வேண்டும்.

சரி, மற்ற வியாதிகளுக்கு வருவோம்.

ரேஸ் ஏறினால் இறங்க மாட்டேன் என்கிறதா? முதலில் ஆக்சிலேட்டர் கேபிளைப் பாருங்கள். உறைக்குள்ளே பிரிந்துபோன ஒற்றைக் கம்பி போதும், திராட்டிலைத் தொங்க வைக்க. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டுக் கையால் திராட்டிலை மூடிப் பாருங்கள். கைக்கு இறங்கினால் கேபிள் அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங். கைக்கும் இறங்காவிட்டால், சூடான பிறகும் சோக் முழுசாக விலகாமல் இருக்கிறதா, ஏ.சி. போட்டால் ஐடிலைத் தூக்கும் அமைப்பு மாட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் மறுபடி காற்றுக் கசிவுதான். கசிவு சின்னதாக இருந்தால் எஞ்சின் தடுமாறும், சில சமயம் ரேஸ் ஏறும். திராட்டில் தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால் இரண்டும் மாறி மாறி வரும். அந்தத் தண்டுத் தேய்மானம் ஒரு தொல்லை பிடித்த விஷயம். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது, புஷ் அடிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே பெட்ரோலை ஊற்றி, ஓடுகிற எஞ்சின் மேல் பீச்சுவது. ரேஸ் மாறினால் அங்கே கசிவு. தத்துவம் சரிதான். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட், பழைய பிளக் வயரிலிருந்து பொறி. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் போதும். வெடிப்பின் மேல் தண்ணீர் பட்டால் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும், எஞ்சினின் சத்தம் மாறும். சூடான எக்ஸாஸ்ட் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் மட்டும் அடிக்காதீர்கள்.

"கார் நடுங்குது" என்று வருவார்கள். ஐடிலிங் ஒழுங்காக இருந்தும் எஞ்சின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துவிட்டால் நடுங்கும். அது வேறு கணக்கு. ஒரு சிலிண்டர் வேலை செய்யாததால் வரும் நடுக்கமா என்று பார்க்க, உறை போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் ரேஸ் இறங்கவில்லையோ அதுதான் சோம்பேறி. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் இந்த வேலையை அதிக நேரம் செய்யக்கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

எம்.பி.எப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்கள் முகம் வாடுவதால் ஒரு வார்த்தை. ரேஸ் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி ஏறி இறங்குகிறதா? காற்றுக் கசிவாலோ, யாரோ திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகியதாலோ ரேஸ் உயர்ந்திருக்கும். திராட்டில் மூடியிருக்க ரேஸ் இவ்வளவா, வண்டி இறக்கத்தில் போகிறது போல என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும். ரேஸ் விழும். ஐயோ நின்றுவிடப்போகிறது என்று திரும்ப விடும். இந்த விளையாட்டுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். முதலில் கசிவைப் பாருங்கள், அப்புறம் திராட்டில் பாடியிலும் ஐடில் ஏர் வால்விலும் படிந்த கரியைச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய வண்டிக்காரர்கள் இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பெட்ரோல். நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது, 2025இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 போதும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய ஜெட் பழைய கணக்கிலேயே விடும், கலவை 8 சதவீதம் போல மெலிந்துவிடும். ஏற்கெனவே மெலிந்து நின்ற ஐடிலிங் இதில் தடுமாறினால் ஆச்சரியமில்லை. இங்கே மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறப்பது நியாயமான வைத்தியம். அதோடு, எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஃப்ளோட் பக்கத்து ரப்பர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். டாங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே ஹோஸ்களை எத்தனாலுக்குத் தாங்குகிறவையாக மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசியும் ஹோஸ் ஐடிலிங் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கிற பிரச்சினை.

இன்னொன்று, புகைச் சான்றிதழ். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் மிக்சர் ஸ்க்ரூவை இறுக்கி, பாஸ் பண்ணி வாங்கி, அப்படியே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. மறுவாரம் "திடீர்னு ஐடிலிங் போச்சு" என்று வருவார்கள். திடீரென்று எதுவும் போகவில்லை. இதிலே ஒரு வேடிக்கை, எஞ்சின் நல்ல நிலையில் இருந்து ஐடிலைச் சரியாக வைத்தாலே 3 சதவீதத்துக்குள் தாராளமாக வந்துவிடும். வரவில்லை என்றால் ஃப்ளோட் மட்டம், ஏர் ஃபில்டர், சோக் இவற்றில் ஏதோ ஒன்று நம்மைக் கூப்பிடுகிறது.

கடைசியாக அந்த வேக்கும் கேஜ். இவ்வளவு மலிவான கருவி இவ்வளவு பேசுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முள் 18, 19இல் அசையாமல் நின்றால் எஞ்சின் சுகம். நிலையாக ஆனால் தாழ்வாக நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம், கசிவும் இருக்கலாம். சீரான தாளத்தில் டக் டக்கென்று விழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கிறது. 2500 சுற்றில் பிடித்துவைத்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் அடைப்பு. ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானலில் 12 காட்டினால் பயப்பட வேண்டாம், அங்கே காற்றே அவ்வளவுதான். மேலே போனதும் கார்புரேட்டர் வண்டி கொஞ்சம் கறுப்பாகப் புகைந்து ஐடிலிங் மந்தமாவதும் அதனால்தான். மெல்லிய காற்றில் கலவை தடித்துவிடுகிறது. மலையில் வைத்து ஐடிலைத் திருத்திவிட்டுக் கீழே இறங்கி மறுபடி திருத்துபவர்கள் உண்டு. எங்கே அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கே ஒருமுறை சரியாக வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கேஜைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் மெக்கானிக்கல் லேபில் உள்ள பழைய பெட்ரோல் எஞ்சினை ஓட்டிக்கொள்ள துறைத் தலைவர் அன்புடன் அனுமதி தந்திருக்கிறார். ஒரு ஹோஸை வேண்டுமென்றே லூசாக்கி வைப்பேன், எது என்று தம்பி தங்கைகள் கண்டுபிடிக்கலாம். வருபவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் துப்பட்டாவையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், அந்த எஞ்சினின் பேன் பெல்ட்டுக்கு மூடி கிடையாது.